பாவோவுக்கு எடுத்து வைத்த குழம்பு

கறித் துண்டுகளைப் பெரிதாக வெட்ட வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் கறிக்கடையில் சொல்கிறேன். கடைக்காரரும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டுச் சின்னதாகத்தான் வெட்டித் தருகிறார். மாட்டுக்கறி மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தால் பாதியாகச் சுருங்கிவிடும் என்று கறி விற்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். அக்கறை இல்லை, அவ்வளவுதான். அக்கறை இல்லாதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டோஃப்லேஸ், அந்த மாட்டுக்கறிக் குழம்பு, சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது. நேற்று நீங்கள் அம்மாவிடம் போய், பாவோவின் ரத்தத்தில் அந்த மாத்திரை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு எண்பத்தைந்து வயது. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டில் சமைப்பது நான், காப்பி போடுவது நான். என்னிடம் கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.

உங்கள் அம்மா எப்படிச் செய்வாரோ, எங்கள் வீட்டில் கழுத்துக் கறியில்தான் செய்வோம். வெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கறி தண்ணீர் விட்டுக்கொண்டு முழிக்கும். பிறகு வெங்காயம். பிறகு கறி மூழ்கும் அளவுக்குப் பழுப்பு பீர், பிரிஞ்சி இலை, தைம் தழை. மேலே ஒரு ரொட்டித் துண்டு. அதில் கடுகு விழுதைத் தாராளமாகத் தடவி, தடவின பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். அது தானாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கடைசியில் ஒரு கரண்டி வினிகர், கொஞ்சம் கருப்புச் சர்க்கரை. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் சூடுபண்ண வேண்டும்.

அதோடு எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. அப்பா கொண்டுவந்தது. பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுபோகும் முன், புட்டியிலிருந்து அப்படியே ஒரு கோப்பை பீரை ஊற்றி ஒரு கிளறு கிளற வேண்டும். "வெந்துபோன பீர்ல என்னடி மணம் இருக்கும்? கடைசியா ஒரு கோப்பை ஊத்து, தெருவுல போறவன் நின்னுட்டுப் போவான்" என்பார். அப்பா போன பிறகும் அந்தக் கோப்பையை நான் ஒரு தடவைகூட விட்டதில்லை.

பீர் வெந்தால் அதிலுள்ள போதை போய்விடும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் குழந்தைகளுக்கும் ஊட்டுகிறோம், பாதிரியாருக்கும் பரிமாறுகிறோம். ஸ்டோஃப்லேஸ் சாப்பிடுவதை யாரும் குடிப்பதாக நினைப்பதில்லை. அந்தக் கடைசிக் கோப்பை வேகுவதே இல்லை என்பதை எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை, இந்த வருடம் வரைக்கும்.

பாவோ என் தம்பி. எனக்கு ஆறு வயது இளையவன். செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் குடிக்க ஆரம்பித்தான், இருபது வருடத்துக்கும் மேல் நிறுத்தவில்லை. மதகுக்குப் பக்கத்துக் குடிக்கடையில் அவனை எல்லோருக்கும் பிடிக்கும். பாடுவான், ஆடுவான், மேசைமேல் ஏறி ஊர்த்தலைவர் மாதிரிப் பேசிக் காட்டுவான். அவர்களுக்கு ஆட்டம், பாட்டு. எனக்கு வாளி. நீல விளிம்பு வைத்த பீங்கான் வாளி ஒன்று எப்போதும் அவன் கட்டில் பக்கத்தில் இருக்கும். காலையில் அதைக் கழுவிவிட்டுச் சூளை மேஸ்திரிக்குப் போன் செய்து, "பாவோவுக்குக் காய்ச்சல்ங்க" என்பேன். ஒரு மனிதனுக்கு வருடத்துக்கு எத்தனை முறை காய்ச்சல் வரும்? மேஸ்திரி நல்ல மனிதர், கேட்டதில்லை.

எனக்கும் ஒருவர் இருந்தார். ரோலாண்ட், பஸ் ஓட்டுநர். பொறுமையானவர், நான்கு வருடம் காத்திருந்தார். கடைசியில் எங்களுடைய நிச்சயதார்த்த விருந்தை விட்டுவிட்டு, வாய்க்காலில் விழுந்து கிடந்த பாவோவைத் தூக்கிவரப் போனேன். சேறும் சகதியுமாகத் திரும்பிவந்தபோது ரோலாண்ட் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். "ரைன்ஹில்டா, உன் தம்பியைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவருக்கு இப்போது பேரன்கள் இருக்கிறார்கள்.

நான் புகார் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கை கத்லைன் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மிச்சம் இருந்தது நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் பாவோ ரத்த வாந்தி எடுத்தான். அப்போதுதான் மருத்துவமனையில் அந்த மாத்திரையைத் தந்தார்கள். அதைச் சாப்பிடுகிற வரைக்கும் ஒரு மடக்குக் குடித்தாலும் உடம்பு தாங்காது. முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்திலேயே குடிக்க மாட்டார்கள். டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"உங்க தம்பிக்கு ஏற்கெனவே இதயம் பலவீனமா இருக்கு. அதனால ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். சமையல்ல ஊத்துற பீர், ஒயின்கூட வேண்டாம். இவருக்கு ஒத்துக்காமப் போனா உயிருக்கே ஆபத்து. அப்புறம், மாத்திரையை யாராவது ஒருத்தர் முன்னால நின்னுதான் விழுங்கணும். யார் நிப்பீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பின் வந்த மூன்று வருடங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். தினமும் காலையில் காப்பி போட்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, மாத்திரையைத் தட்டில் வைப்பேன். விழுங்குவான். "ஆ காட்டு" என்பேன். காட்டுவான். "நாக்கைத் தூக்கு." தூக்குவான். "போதுமாக்கா? தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்குறியா?" என்பான். இருவரும் சிரிப்போம். கெர்மிஸ் திருவிழா அன்று வீட்டில் எல்லோரும் கூடும்போது அவனுக்கென்று சின்னப் பாத்திரத்தில் பீர் ஊற்றாமல் தனியாகச் செய்துவிடுவேன். வெறும் தண்ணீரும் எலும்புச் சாறும். "அக்கா, இது ஸ்டோஃப்லேஸோட மாமியார்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவான். சாப்பிடட்டும். என் கண் முன்னால் இருந்தான், நான் சொன்னதைக் கேட்டான்.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் கையில் பூங்கொத்தோடு அடுப்படிக்கு வந்தான். பெட்ரோல் பங்கில் வாங்கிய டூலிப் பூ, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. குடியை விட்டவர்கள் சேர்ந்து பேசுகிற குழு ஒன்றுக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஒவ்வொருவரும் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டுமாம். யார் யாரை நோகடித்தார்களோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏற்கெனவே சூளை மேஸ்திரியிடம் கேட்டிருந்தான். கத்லைனிடம், அவள் கணவர் கமீலிடம், குடிக்கடைக்காரரிடம்கூடக் கேட்டுவிட்டான். ரோலாண்டின் வீடு தேடிப் போய்க் கேட்டான் என்றும் கேள்விப்பட்டேன். நான் காத்திருந்தேன். என் முறை கடைசியில் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

"அக்கா, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"கிழங்கு உரிச்சிட்டிருக்கேன். நின்னுக்கிட்டே கேக்கிறேன், சொல்லு."

"குழுவுல ஒரு விஷயம் புரிய வச்சாங்க. வீட்டுல ஒருத்தர் எந்நேரமும் தாங்கிப் பிடிச்சுட்டே இருந்தா, குடிக்கிறவனுக்கு நிறுத்தணும்னே தோணாதாம். நீ மேஸ்திரிகிட்ட பொய் சொன்ன, வாளி கழுவுன, என்னைத் தூக்கிட்டு வந்த. ஒரு தடவையாவது அந்த வாய்க்கால்லயே விட்டிருந்தா நான் எப்பவோ திருந்தியிருப்பேன்க்கா."

"அப்படியா."

"உன்மேல எனக்குக் கோபமில்ல. நீ தெரிஞ்சு செய்யல. நான் உன்னை மன்னிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நான் அந்தக் கிழங்கை உரித்து முடித்தேன். அடுத்ததை எடுத்தேன். பூவை எதில் வைக்க என்று கேட்டான். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போடு என்றேன். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன், குடித்தான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான், வேலையை ஒழுங்காக முடித்த ஆளைத் தட்டுகிற மாதிரி.

என்னை அவன் மன்னித்தான். இதை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. நீங்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள், அது உங்கள் தொழில். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் ஒரு வாரத்தில் போகவில்லை, ஒரு மாதத்தில் போகவில்லை. தரையைத் துடைத்தேன், ஜன்னலைத் துடைத்தேன், அப்பாவின் பழைய புறாக்கூட்டைச் சுரண்டிக் கழுவினேன். கை வேலை செய்துகொண்டே இருந்தது, கோபம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இருபது வருடம் என் கையில் இருந்த வாந்தி நாற்றத்துக்கு மன்னிப்பாம். பெட்ரோல் பங்குப் பூவோடு.

ஜூன் மாதம் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இனி தேவையில்லை, அவரே சமாளித்துக்கொள்வார் என்று. பாவோ மிச்சமிருந்த மாத்திரைப் பெட்டிகளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். "தூக்கிப் போட்டுடுக்கா. இந்த வருஷம் கெர்மிஸுக்கு உன் நெஜமான ஸ்டோஃப்லேஸ் திங்கப்போறேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், மாத்திரை உடம்பை விட்டுப் போனப்புறம் வெந்த பீர் ஒண்ணும் பண்ணாதாம்." சின்னப் பையன் மாதிரிக் குதித்தான்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னான். கடற்கரைப் பக்கம் நகராட்சித் தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தரைத்தளத்தில் வீடு பார்த்துவிட்டான். அம்மாவின் இருமலுக்குக் கடல் காற்று நல்லது, கெர்மிஸ் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறான். அம்மாவிடம் பேசிவிட்டான், அம்மா சரி என்று சொல்லிவிட்டார்.

"நீயும் இனிமே உன் வாழ்க்கையைப் பாருக்கா" என்றான்.

எந்த வாழ்க்கை என்று அவன் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அம்மா அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கித் தூசி தட்டச் சொன்னார். நான்தான் தட்டினேன்.

மாத்திரையை நான் தூக்கிப் போடவில்லை. நல்ல பொருளை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. அவனை எனக்குத்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம் பார்க்கிறவர். மறுநாள் காலையிலிருந்து மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்தேன். எங்கள் வீட்டில் சிக்கரி போட்டுக் கடுங்காப்பிதான், அதில் எதைக் கலந்தாலும் தெரியாது. எல்லாம் பாதுகாப்புக்குத்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொய் என்றும் சொல்ல முடியாது. அவன் நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தியா, மாத்திரை இல்லாமலே இருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சர்க்கரையை நகர்த்தி வைப்பேன். அது ஒன்றுதான் அந்தக் கோடையில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கெர்மிஸ் நாள், நல்ல வெயில். சதுக்கத்தில் ராட்டினச் சத்தம், பித்தளை வாத்தியக்காரர்கள். பாவோ காலையில் அதைப் பார்க்கப் போய்விட்டுச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான். கமீல் பின்கட்டில் மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தார். அவருடைய புறாக்கள் அன்று பிரான்சிலிருந்து பந்தயத்தில் பறந்து வந்துகொண்டிருந்தன, அதனால் ஒரு கண் வாணலியில், ஒரு கண் வானத்தில். கத்லைன் ஆப்பிள் மசியலும் அரிசிப்பால் டார்ட்டும் செய்துகொண்டு வந்திருந்தாள். அம்மா புது உடுப்புப் போட்டுக்கொண்டு மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார்.

நான் பெரிய பாத்திரத்தில் வழக்கம்போல ஒரு கோப்பை பீர் ஊற்றிக் கிளறினேன். பாவோவுக்கு மட்டும் சின்னப் பாத்திரத்தில் குழம்பை எடுத்து வைத்திருந்தேன். அதிலும் ஒரு கோப்பை ஊற்றினேன். வழக்கத்தை நான் மீறவில்லை. பெரிய பாத்திரத்துக்கு ஒரு கோப்பை, சின்னதுக்கும் ஒரு கோப்பை. சின்னதுக்கு மட்டும் மடாலயத்துக்காரர்கள் காய்ச்சும் வலுவான பீர். கடுகும் வினிகரும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தேன்.

கமீல் பார்த்துவிட்டார். "என்ன அண்ணி, மச்சானுக்கு இன்னும் தனிப் பாத்திரமா? அவர்தான் பட்டம் வாங்கிட்டாரே."

"கொழுப்பில்லாத துண்டாப் பாத்து எடுத்து வச்சேன். அவன் இதயத்துக்கு ஆகாதுல்ல."

"எனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்திருந்தா நானும் குடிச்சிருப்பேன்" என்றார் கமீல். எல்லோரும் சிரித்தார்கள். பாவோதான் அதிகம் சிரித்தான்.

முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மெதுவாக மென்றான். "அக்கா... அப்பா கைப்பக்குவம்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை. அந்த நேரத்தில் என் கை அவன் தட்டுப் பக்கம் போனது. எடுத்துவிடலாம், ஈ விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் ரொட்டியைக் குழம்பில் முக்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வானே, அந்த முகம்தான் அது.

அப்போது அவன் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினான். "அம்மாவுக்கும் கடலுக்கும்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவுக்கு ஓய்வு" என்றான். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். கத்லைன் கை தட்டினாள். அம்மா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவாடா?" என்று கேட்டேன்.

"ஊத்துக்கா, இதையெல்லாம் கேக்கணுமா?"

ஊற்றினேன். பாத்திரம் காலியாகும் வரை ஊற்றினேன். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான்.

முதலில் காது சிவந்தது, பிறகு கழுத்து, பிறகு முகம் முழுவதும். வியர்வை கொட்டியது. நெற்றியைப் பிடித்துக்கொண்டான், எழுந்தவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்தான். பேச்சு குழறியது. நாங்கள் எல்லோரும் இருபது வருடம் பார்த்த அதே காட்சி. கமீல்தான் முதலில் பேசினார்.

"என்ன மச்சான், வாத்தியம் பாக்கப் போனீங்களா, கூடாரத்துல பீர் பாக்கப் போனீங்களா?"

"இல்ல... எனக்கு என்னவோ..."

அம்மா முட்கரண்டியைக் கீழே வைத்தார். "இங்க வா. ஊது."

அந்தக் காலத்தில் அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா கேட்கிற சொல் அது. மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை. பாவோ குனிந்து அம்மாவின் முகத்தில் ஊதினான். பீர் வாசனை. இருக்காதா? மேசையில் இருந்த எல்லோருடைய வாயிலும் அதே வாசனைதான், அம்மாவின் வாயில்கூட. அதை யாரும் நினைக்கவில்லை. அம்மா அவனை அறைந்தார். எண்பத்தைந்து வயதுக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"பொறந்த நாள்லேருந்து என்னைக் கொல்றதே உனக்கு வேலையாப் போச்சு. கடலாம் கடல். நீ மட்டும் போ. நான் என் மகளோட இருந்துக்கிறேன்."

என் மகளோட. கத்லைனும் அங்கேதான் இருந்தாள், ஆனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கேட்க விரும்பியது அவ்வளவுதான். அதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் கொடூரமானவள் இல்லை.

கமீலும் நானும் அவனைத் தாங்கிப் பிடித்து மாடிக்குக் கொண்டுபோனோம். "அண்ணனுக்கு ரொம்ப முடியல போலிருக்கே, டாக்டரைக் கூப்பிடலாமா?" என்று கத்லைன் படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டாள். "குடிகாரனுக்கு எதுக்குடி டாக்டர், தூங்கினா சரியாயிடும், எத்தனை தடவை பாத்திருக்கோம்" என்றார் அம்மா. உண்மைதான், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிய வேலை அது. செருப்பைக் கழற்றுவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, கதவைச் சாத்துவது. கமீல் புறா பார்க்க இறங்கிப் போனார். நான் பரணிலிருந்து நீல விளிம்பு வாளியை எடுத்துத் துடைத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

வாந்தி எடுத்தான். நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, நான் குடிக்கலக்கா."

"தெரியும்டா."

என்னையே பார்த்தான். புரிந்துகொண்டானா என்று எனக்குத் தெரியாது. நெஞ்சைக் காட்டினான். "இங்க... அடைக்குது. ஆம்புலன்ஸ் கூப்பிடு. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. அம்மாகிட்ட சொல்லச் சொல்லு, நான் குடிக்கலன்னு."

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன், நீங்கள் என் இடத்தில் இருந்ததில்லை. ரத்தம் எடுத்தால் மாத்திரை தெரியும். மாத்திரை தெரிந்தால் அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுவார், கத்லைன் அழுவாள், திரும்பவும் பெட்டியை இறக்கித் தூசி தட்டச் சொல்வார்கள். கடற்கரை வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் என்னை இன்னொரு தடவை மன்னிப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

நான் கீழே போனேன். டார்ட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் எப்படி இருக்கு?" என்று கத்லைன் கேட்டாள்.

"தூங்கறான்" என்றேன்.

எனக்கும் ஒரு துண்டு வைத்தாள். அரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. கமீலின் புறா வந்து சேர்ந்தது, பின்கட்டில் கைதட்டல் கேட்டது. நான் தட்டுகளைக் கழுவினேன். சின்னப் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினேன். பிறகு காப்பி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் முகம் அப்போது வெளுத்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. உதவிக்கு யாரையாவது கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்தே கூப்பிடவில்லை. மாத்திரை நான் கொடுத்தது, பீர் நான் ஊற்றியது, கதவை நான் சாத்தியது. மூன்றையும் என் பேரிலேயே எழுதுங்கள். அம்மா பேரையும் கமீல் பேரையும் இதில் சேர்க்க வேண்டாம். அவர்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தார்கள்.

கடைசியில் கண் திறந்து என்னைத் தேடினான். கையை நீட்டினான், பிடித்துக்கொண்டேன். "போயிடாதக்கா" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. நான் போகவில்லை, விறைக்கும் வரை அவன் கையை விடவில்லை.

குழுவில் அவனுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே தப்பு நடந்தது என்று நீங்கள் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான் இல்லாமல் என் தம்பியால் இருக்க முடியாது என்று எனக்கு முதலிலேயே தெரியும்.